இரண்டு தேக்கரண்டி பெட்ரோலில் 16 கிலோமீட்டர்

மாணவர்களே, செப்பாங் பந்தயத் தடம் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது காதைப் பிளக்கும் சத்தமாகத்தான் இருக்கும். 1999 முதல் 2017 வரை ஃபார்முலா 1 கார்கள் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் சீறிப் பாய்ந்த இடம் அது. அதே தடத்தில் 2010-ஆம் ஆண்டு வேறு மாதிரியான ஒரு போட்டி நடந்தது. நீர்த்துளி வடிவில், ஓர் ஆள் படுத்துக்கொள்ளும் அளவே இடமுள்ள குட்டி வண்டிகள் வரிசையாக வந்தன. அவற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர். மிதிவண்டியை விரட்டி மிதித்தால் நீங்களே முந்திவிடலாம்.

வேடிக்கை என்னவென்றால், அந்த வண்டிகளின் இயந்திரம் சில விநாடிகள் உறுமும், பிறகு நின்றுபோகும். பழுதாகிவிட்டதோ என்று பார்த்தால், வண்டி சத்தமே இல்லாமல் நூற்றுக்கணக்கான மீட்டர் உருண்டுகொண்டே போகும். இயந்திரத்தை அணைத்தவர் ஓட்டுநர்தான். அங்கே யார் முதலில் வந்தார் என்று எவரும் பார்ப்பதில்லை. யார் மிகக் குறைவாக எரிபொருளைச் செலவழித்தார் என்பதே கேள்வி.

ஷெல் எக்கோ-மாரத்தான் எனப்படும் இந்தப் போட்டி, மாணவர்கள் தாங்களே வடிவமைத்துத் தாங்களே கட்டிய வண்டிகளுக்கானது. 1939-இல் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் வுட் ரிவர் என்ற ஊரில், ஷெல் ஆய்வுக்கூடத்து ஊழியர்கள் தங்களுக்குள் ஒரு பந்தயம் கட்டினார்கள். ஒரு கேலன் எரிபொருளில் யாருடைய கார் அதிக தூரம் ஓடும்? வென்றவரின் கார் ஏறத்தாழ 50 மைல் ஓடியது. நம் கணக்கில் லிட்டருக்கு 21 கிலோமீட்டர். இன்று நம் சாலைகளில் ஓடும் பல கார்கள் இந்த எண்ணைத் தொடுவதில்லை! விளையாட்டாகத் தொடங்கிய அந்தப் பந்தயம் 1985-இல் பிரான்சில் மாணவர் போட்டியாக உருவெடுத்தது. 2010-இல் செப்பாங் வழியாக ஆசியாவுக்கு வந்தது. பிறகு மணிலாவுக்கும், 2017, 2018-இல் சிங்கப்பூரின் சாங்கி கண்காட்சி மையத்துக்கும் போய், 2019-இல் மீண்டும் செப்பாங்கிற்கே திரும்பியது.

எண்ணெய் விற்கும் நிறுவனமே எண்ணெயைச் சேமிக்கும் போட்டியை நடத்துகிறதே என்று உங்களில் சிலர் புருவத்தை உயர்த்தலாம். உயர்த்துங்கள், அது நியாயமான கேள்விதான். ஆனால் இயற்பியல் விதிகள் யார் பணம் கொடுத்தாலும் மாறுவதில்லை. நாம் அவற்றைப் பார்ப்போம்.

இந்தப் போட்டிகளில் லிட்டருக்கு 1,000, 2,000 கிலோமீட்டர் என்று அறிவிப்பார்கள். அதற்காக எந்த அணியும் கோலாலம்பூரிலிருந்து பேங்காக் வரை ஓட்டிக் காட்டுவதில்லை. ஒரு சிறிய கண்ணாடிக் கலனில் அளந்து எரிபொருள் ஊற்றுவார்கள். வண்டி குறிப்பிட்ட சுற்றுகளைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் முடிக்க வேண்டும். பிறகு எவ்வளவு குறைந்தது என்று அளப்பார்கள். 16 கிலோமீட்டர் ஓடி 10 மில்லிலிட்டர் செலவானால், லிட்டருக்கு 1,600 கிலோமீட்டர் என்று கணக்கு. 10 மில்லிலிட்டர் என்பது இரண்டு தேக்கரண்டி.

அந்த இரண்டு தேக்கரண்டியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது உங்கள் வீட்டுக் காருக்கு வருவோம்.

உங்களைச் சுமந்தது எவ்வளவு?

காலையில் அப்பா உங்களைக் காரில் பள்ளிக்கு அழைத்துப் போகிறார். மைவி போன்ற ஒரு சிறிய காரின் எடை ஏறத்தாழ 1,000 கிலோ. அப்பா 75 கிலோ, நீங்கள் 50 கிலோ. ஆக மொத்தம் 1,125 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால், அதன் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான், நகர நெரிசலில், சக்கரத்தைச் சென்றடையும். மீதியெல்லாம் ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெப்பமாக வெளியேறிவிடும். அதாவது 1,000 மில்லிலிட்டரில் 200 மில்லிலிட்டர்தான் வண்டியை நகர்த்துகிறது. அந்த 1,125 கிலோவில் உங்கள் பங்கு 50 கிலோ. நூற்றுக்கு நாலரைகூட இல்லை. 200 மில்லிலிட்டரில் அந்தப் பங்கைக் கணக்கிட்டால் 9 மில்லிலிட்டர்.

இரண்டு தேக்கரண்டிகூட நிரம்பவில்லை. ஒரு முழு லிட்டரில் உங்களைச் சுமக்கச் செலவானது அவ்வளவே. மற்றது இரும்பையும் கண்ணாடியையும் காலி இருக்கைகளையும் சுமந்தது, அல்லது வெறும் வெப்பமாகப் போனது. இது தோராயக் கணக்குதான். ஆனாலும் நம் கார்கள் எதைச் சுமக்கின்றன என்பதை இது காட்டிவிடுகிறது.

போன பெட்ரோல் காணாமல் போவதும் இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோலின் நிறை ஏறத்தாழ முக்கால் கிலோ. அது எரிந்தால் வெளிவரும் கரிவளியோ ஏறத்தாழ 2.3 கிலோ! முக்கால் கிலோவிலிருந்து இரண்டே கால் கிலோவுக்கு மேல் எப்படி வந்தது? பெட்ரோலில் உள்ள ஒவ்வொரு கரிம அணுவும் காற்றிலிருந்து இரண்டு உயிர்வளி அணுக்களைச் சேர்த்துக்கொள்கிறது. கரிம அணுவின் நிறை 12 என்றால், உயிர்வளி அணுவின் நிறை 16. ஆகவே 12 பங்கு கரிமம் 44 பங்கு கரிவளியாகிறது. வேதியியல் பாடத்தில் நீங்கள் செய்யும் மோல் கணக்கு இதுவேதான்.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

இனி முக்கியமான கேள்வி. இரண்டு தேக்கரண்டியில் 16 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் அப்படி என்ன அற்புத இயந்திரம் இருக்கிறது? பலரும் நினைப்பது போல அங்கே அற்புத இயந்திரம் எதுவும் கட்டாயம் இல்லை. பல அணிகள் சின்னஞ்சிறு பெட்ரோல் இயந்திரங்களைத்தான் மாற்றியமைத்துப் பயன்படுத்துகின்றன. வித்தியாசம், வண்டியை எதிர்த்து நிற்கும் விசையில் இருக்கிறது.

சமதரையில் சீரான வேகத்தில் ஓடும் வண்டியை இரண்டு விசைகள் பின்னுக்கு இழுக்கின்றன. ஒன்று டயரின் உருளல் தடை. டயர் தரையைத் தொடும் இடத்தில் நசுங்கி, மீண்டும் விரிகிறது. நசுங்கும்போது கொடுத்த ஆற்றல் முழுவதும் விரியும்போது திரும்பக் கிடைப்பதில்லை. இந்தத் தடை வண்டியின் எடைக்கு ஏற்பக் கூடும். சாதாரண கார் டயருக்கு எடையில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 0.01 என்று வைக்கலாம். போட்டிக்கென்றே செய்யப்பட்ட, காற்று இறுக அடிக்கப்பட்ட ஒல்லியான டயருக்கு 0.002 அல்லது அதற்கும் குறைவு.

இன்னொன்று காற்றுத் தடை. இது வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகம் இரட்டிப்பானால் காற்றுத் தடை நான்கு மடங்கு.

போட்டி வண்டி 40 கிலோ, ஓட்டுநர் 50 கிலோ. மொத்தம் 90 கிலோ. எடை ஏறத்தாழ 900 நியூட்டன். உருளல் தடை 900 × 0.002 = 1.8 நியூட்டன். 25 கிலோமீட்டர் வேகத்தில், நல்ல நீர்த்துளி வடிவத்துக்குக் காற்றுத் தடை ஏறத்தாழ 0.9 நியூட்டன். இரண்டும் சேர்ந்து 2.7 நியூட்டன். இது எவ்வளவு என்று தெரிய வேண்டுமா? உங்கள் உள்ளங்கையில் 270 கிராம் எடையுள்ள ஒரு மாம்பழத்தை வையுங்கள். அந்தப் பாரம்தான். ஓர் ஆளையும் ஒரு வண்டியையும் ஓடிக்கொண்டே இருக்க வைக்க அவ்வளவு தள்ளினால் போதும்.

ஒரு கிலோமீட்டருக்கு 2.7 × 1,000 = 2,700 ஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 3 கோடியே 20 லட்சம் ஜூல் ஆற்றல் உண்டு. அதில் ஐந்தில் ஒன்று சக்கரத்துக்கு வந்தால் 64 லட்சம் ஜூல். 64 லட்சத்தை 2,700-ஆல் வகுத்துப் பாருங்கள். 2,300 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. உங்கள் அப்பா காரின் இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்ட அதே ஐந்தில் ஒரு பங்குதான் இங்கேயும்!

இப்போது நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் உங்கள் கார். உருளல் தடை 112 நியூட்டன். காற்றுத் தடை 250 நியூட்டன். மொத்தம் 360-ஐத் தாண்டுகிறது. அதே முறையில் வகுத்தால் லிட்டருக்குப் பதினேழரை கிலோமீட்டர். கிட்டத்தட்ட உண்மைதானே?

கையோடு இன்னொன்றையும் பார்த்துவிடலாம். வேகத்தை 90-லிருந்து 110-க்கு உயர்த்தினால் காற்றுத் தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். மொத்தத் தடை 490 நியூட்டனை நெருங்கும். இயந்திரத்தின் திறன் மாறவில்லை என்று வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 13 கிலோமீட்டர்தான். கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு 350 கிலோமீட்டர். 110-இல் போனால் முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக மிச்சம் பிடிக்கலாம். அதற்கு விலை ஏறத்தாழ 7 லிட்டர் பெட்ரோல், 15 கிலோ கரிவளி. அடுத்த தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகும்போது பின்னிருக்கையில் உட்கார்ந்து இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். அப்பா என்ன சொல்வார் என்பதற்கு நான் பொறுப்பல்ல.

ஏன் இயந்திரத்தை அணைக்கிறார்கள்?

தொடக்கத்தில் சொன்ன அந்த அமைதிக்கு வருவோம். 2.7 நியூட்டன் என்ற சின்ன விசைக்காக ஓர் இயந்திரத்தைத் தொடர்ந்து ஓடவிடுவது, ஒரு மூட்டைத் தேங்காயை ஏற்ற லோரி கொண்டுவருவது போன்றது. இயந்திரம் சும்மா சுழல்வதற்கே எரிபொருள் வேண்டும். பாரம் மிகக் குறைவாக இருக்கும்போது, எரிந்ததில் பெரும்பகுதி அந்தச் சுழற்சிக்கே போய்விடும். ஆகவே மாணவர்கள் இயந்திரத்தை முழு பாரத்தோடு, அது நன்றாக வேலை செய்யும் நிலையில், சில விநாடிகள் மட்டும் ஓட்டுகிறார்கள். வேகம் 20-லிருந்து 30 கிலோமீட்டருக்கு ஏறியதும் அணைத்துவிடுகிறார்கள்.

அந்த வேக உயர்வில் 90 கிலோ வண்டி சேமித்துக்கொண்ட இயக்க ஆற்றல் ஏறத்தாழ 1,730 ஜூல். ½மவே² வாய்பாட்டில், அதாவது நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, நீங்களே சரிபார்க்கலாம். கிலோமீட்டரை விநாடிக்கு மீட்டராக மாற்ற மறக்காதீர்கள். 1,730-ஐ 2.7-ஆல் வகுத்தால் 640 மீட்டர். வேகம் 30-லிருந்து 20-க்கு இறங்க அவ்வளவு தூரம் உருளும்! பிறகு மறுபடியும் சில விநாடிகள் உறுமல்.

இதைச் சாலையில் யாரும் செய்யக்கூடாது. ஓடும் காரில் இயந்திரத்தை அணைத்தால் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் துணைவிசை போய்விடும். ஆனால் ஹைபிரிட் கார்கள் இதே வேலையைத் தங்கள் கணினியிடம் ஒப்படைத்திருக்கின்றன. தேவையில்லாதபோது இயந்திரம் தானே அணைந்து, மின்மோட்டார் பொறுப்பேற்கும்.

ஓட்டுநர் ஒல்லியாக இருந்தால் இன்னும் மிச்சம் பிடிக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். எல்லோருக்கும் அது தோன்றும் என்பதால்தான் விதி இருக்கிறது. இத்தகைய வண்டியின் ஓட்டுநர் குறைந்தது 50 கிலோ இருக்க வேண்டும். குறைந்தால் வண்டியில் எடைக்கட்டி வைப்பார்கள். சாப்பிடாமல் கிடந்து வெல்ல முடியாது.

ஓடுவதற்கு முன் வண்டி தொழில்நுட்பச் சோதனையைத் தாண்ட வேண்டும். பார்ப்பதற்கு எளிமையாகத் தோன்றும் சோதனைகள்தாம். 20 விழுக்காடு சரிவில் நிறுத்தி பிரேக் போட்டால் வண்டி அசையக்கூடாது. ஓட்டுநர் யார் உதவியும் இல்லாமல் 10 விநாடிக்குள் வெளியே வர வேண்டும். ஹாரன் ஒலிக்க வேண்டும். எடையைக் குறைக்கும் வெறியில் பிரேக்கையும் சுரண்டிவிட்டால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள். எடை குறைந்த கதவு திறக்கச் சிரமமாக இருந்தால், 10 விநாடி போதாது. ஒன்றைக் குறைத்தால் இன்னொன்று கெடும். இந்த இழுபறிக்கு நடுவே முடிவெடுப்பதற்குப் பெயர்தான் பொறியியல் என்று எனக்குத் தோன்றுகிறது. வென்ற வண்டியைவிட, சோதனை வரிசையில் சங்கிலியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கும் அணியைப் பார்த்தால் அதிகம் கற்கலாம்.

நம் சாலைக்கு வருமா?

2005-இல் சுவிட்சர்லாந்தின் ஜூரிக் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழக மாணவர்கள் கட்டிய பேக்-கார் 2 என்ற வண்டி, லிட்டருக்கு 5,385 கிலோமீட்டர் என்ற உலகச் சாதனையைப் படைத்தது. வண்டியின் எடை 30 கிலோவுக்கும் குறைவு. அது பெட்ரோலில் ஓடவில்லை; ஹைட்ரஜனையும் காற்றிலுள்ள உயிர்வளியையும் சேர்த்து மின்சாரம் தயாரிக்கும் எரிபொருள் மின்கலத்தில் ஓடியது. செலவான ஹைட்ரஜனின் ஆற்றலை, அதே ஆற்றலுள்ள பெட்ரோலாக மாற்றிச் சொன்ன கணக்கு அது. 2018-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் இதே வழியில் 6,000-ஐயும் தாண்டினார்கள்.

சரி, அந்த வண்டியில் உங்கள் பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துப் போக முடியுமா? முடியாது. மழையில்? குண்டும் குழியுமான சாலையில்? லோரிக்குப் பக்கத்தில்? நினைக்கவே பயமாக இருக்கிறது. இந்தக் குறையைப் போட்டியை நடத்துபவர்களும் அறிவார்கள். அதனால் நகரக் கார் என்றொரு பிரிவு உண்டு. நான்கு சக்கரம், கதவு, விளக்கு, கண்ணாடித் துடைப்பான், பெட்டி வைக்க இடம் எல்லாம் வேண்டும். ஓட்டுநர் நிமிர்ந்து உட்கார வேண்டும். இடையிடையே முழுமையாக நிறுத்தி மறுபடி கிளப்பவும் வேண்டும். இவ்வளவையும் சேர்த்ததும் அந்த ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பல மடங்கு சுருங்கிவிடுகிறது.

நிறுத்திக் கிளப்புவது ஏன் அவ்வளவு பெரிய விஷயம்? உங்கள் 1,125 கிலோ காரை 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர 1,56,000 ஜூல் தேவை. பெட்ரோலில் சொன்னால் 24 மில்லிலிட்டர். அடுத்த சமிக்ஞை விளக்கில் பிரேக்கை அழுத்தியதும் அத்தனையும் பிரேக் தட்டில் சூடாகிக் காற்றோடு போகும். ஒவ்வொரு சிவப்பு விளக்குக்கும் ஐந்து தேக்கரண்டி! ஹைபிரிட் கார்களும் மின்கார்களும் பிரேக் போடும்போது மோட்டாரையே மின்னாக்கியாக மாற்றி, இதில் ஒரு பகுதியை மின்கலத்துக்குத் திருப்பி அனுப்புகின்றன.

இந்த நகரக் கார் பிரிவில்தான் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் 2015-இல் ஒரு புதுமை செய்தார்கள். அவர்களின் என்வி8 என்ற மின்காரின் உடல், முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிட்ட 150-க்கும் மேற்பட்ட துண்டுகளை ஒட்டிச் செய்யப்பட்டது. அடியில் கரிம இழையாலான சட்டகம்.

அமெரிக்காவில் இதற்கு நேர்மாறான பாதையில் ஒரு போட்டித் தொடர் நடக்கிறது. அந்நாட்டின் எரிசக்தித் துறையும் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமும் 2004-இல் சேலஞ்ச் எக்ஸ் என்ற போட்டியைத் தொடங்கின. 17 பல்கலைக்கழகங்களுக்கு ஷெவர்லே ஈக்வினாக்ஸ் என்ற உண்மையான குடும்பக் கார் கொடுக்கப்பட்டது. இருக்கையைக் கழற்றாதே, வேகத்தைக் குறைக்காதே, வாங்குபவருக்கு எந்த வசதியும் குறையக்கூடாது. ஆனால் எரிபொருளும் புகையும் குறைய வேண்டும் என்பது நிபந்தனை. நான்கு ஆண்டு உழைப்பு. 2008-இல் மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழக அணி, பயோடீசலில் ஓடும் ஹைபிரிட் காரோடு முதலிடம் பிடித்தது. பிறகு எக்கோகார் என்ற பெயரில் இந்தத் தொடர் வளர்ந்தது.

அங்கே கிலோமீட்டரை மட்டும் எண்ணுவதில்லை. அந்த எரிபொருளைத் தோண்டி எடுத்து, சுத்திகரித்து, கொண்டுவந்து சேர்க்கும் வரை எவ்வளவு புகை என்றும் கணக்கிடுகிறார்கள். இந்தக் கேள்வி நமக்கும் உண்டு. மின்காரின் பின்னால் புகைக்குழாய் இல்லை. ஆனால் மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்தும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் வருகிறது. சிங்கப்பூரில் ஏறத்தாழ எல்லாமே எரிவாயுதான். ஆகவே மின்காரிலும் ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை ஜூல் என்ற கேள்வியை விட்டுவிட முடியாது. கனமான மின்கார், கனமான பெட்ரோல் காரைப் போலவே, உங்களைவிடத் தன்னைத்தான் அதிகம் சுமக்கிறது.

மிதிவண்டியில் ஒரு சோதனை

உருளல் தடையை அளக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். வாகனம் வராத ஓர் இடத்தில், சிறிய சரிவும் அதன் கீழே நீண்ட சமதரையும் இருந்தால் போதும். தலைக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். சரிவில் ஓர் இடத்தில் கோடு போட்டு, மிதிக்காமல், பிரேக் பிடிக்காமல் உருண்டு வாருங்கள். வண்டி தானாக நிற்கும் இடம் வரை மொத்த தூரத்தை அளவுநாடாவால் அளங்கள். தொடங்கிய இடம் சமதரையைவிட எவ்வளவு உயரம் என்பதையும் அளக்க வேண்டும். கொத்தனார்கள் மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயைப் பயன்படுத்துவார்களே, அது இதற்கு வசதி.

உயரத்தைத் தூரத்தால் வகுத்தால் வருவதே தடை எண். அரை மீட்டர் உயரத்திலிருந்து 70 மீட்டர் உருண்டால் 0.007. மெல்லிய காற்றுத் தடையும் இதில் கலந்திருக்கும், பரவாயில்லை. உங்கள் எடை இந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? ஏன் வரவில்லை என்று யோசித்துப் பாருங்கள். நிலை ஆற்றலுக்கும் உருளல் தடைக்கும் வாய்பாடு எழுதினால் புலப்படும்.

மூன்று முறை உருண்டு சராசரி எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு டயரிலும் பாதிக் காற்றை இறக்கிவிட்டு, அதே கோட்டிலிருந்து மறுபடியும் மூன்று முறை. கிடைத்த இரண்டு எண்களையும் அந்தப் போட்டி டயரின் 0.002-க்குப் பக்கத்தில் எழுதி, அடுத்த இயற்பியல் வகுப்புக்குக் கொண்டுபோங்கள்.